கொடி விழுந்ததா?

2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல், குருகிராமத்தில் வாழும் என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். பதினான்கு வயதுப் பெண். குரலில் பதற்றம் இருந்தது. அவர்கள் வீட்டில் வளரும் பூனை மூன்று குட்டிகளை ஈன்றுவிட்டதாம். இனியும் குட்டி உண்டா, அல்லது எல்லாம் முடிந்துவிட்டதா என்று அறிவது எப்படி என்பதே அவள் வினா. "தாத்தா, முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் சற்றும் எண்ணாமல், "கொடி எத்தனை விழுந்தது, பார்த்தாயா?" என்று கேட்டேன்.

மறுமுனையில் மௌனம். பிறகு, "எந்தக் கொடி, தாத்தா?" என்றாள். அவள் அறிந்த கொடிகள் இரண்டே. ஒன்று பள்ளியில் ஏற்றும் கொடி; மற்றொன்று துணி உலர்த்தும் கொடி. தாயையும் சேயையும் பிணைத்து நின்று, சேய் வந்தபின் தானும் வெளிவந்து விழும் நஞ்சுக்கொடியை அவள் அறிந்திருக்கவில்லை. அது அவள் குற்றமன்று. மூன்றாம் தலைமுறையாகத் தலைநகரப் பகுதியில் வாழும் குடும்பத்தில் அச்சொல்லைச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் நேரவில்லை. எனக்கே அச்சொல்லின் முழுப்பொருள் விளங்கியது என் முப்பதாம் வயதில், ஒரு பூனையின் வாயிலாகத்தான். அதை எழுதிவைக்க இம்மலரைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

1982ஆம் ஆண்டு. நான் மத்திய அரசின் அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்தேன். ஆர்.கே.புரத்தில் இரண்டு அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பு. அவ்வாண்டு இறுதியில் நடைபெறவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நகரமெங்கும் சாலைகளைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். என் மனைவிக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் அவள் தந்தையார் வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மன்னார்குடிக்கு அழைத்துச் சென்றுவிட்டார். அவளுக்குப் பதிலாக, எனக்குச் சமைத்துப் போட என் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. காவிரிப் பாசனத்து வயல்வெளியும் மாட்டுக் கொட்டிலுமே அவர்கள் அறிந்த உலகம். தில்லி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பேச ஆளில்லை, பேச்சும் புரியவில்லை. நான் அலுவலகம் சென்றபின் மாலை வரை அவர்களுக்குத் துணையாக இருந்தது ஒரு தெருப் பூனைதான். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடுகள். பின்கட்டு வழியாக வரும், தயிர்ச் சோற்றைத் தின்னும், போய்விடும். அம்மா அதனிடம் தமிழில் பேசுவார்கள். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், "இது சினையா இருக்குடா. இன்னும் பத்து நாள் தாங்காது" என்றார்கள்.

பூனையின் சூல்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். அறுபத்து மூன்று முதல் அறுபத்தைந்து நாள் என்பது பொதுவான கணக்கு. அது எப்போது சூல்கொண்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அம்மா அதன் மடியைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள். அதன் பிறகு அது வீட்டின் மூலைகளையெல்லாம் முகர்ந்து முகர்ந்து இடம் தேடத் தொடங்கியதைப் பார்த்தார்கள். குளிர்காலம் முடிந்து, வெயிலில் உலர்த்திப் பெட்டியில் வைப்பதற்காகச் சுருட்டி வைத்திருந்த ரஜாய் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, பூனை அதற்குள் புகுந்துகொண்டது. உணவு வைத்தும் வரவில்லை. எழுந்து எழுந்து சுற்றி வந்து, மீண்டும் படுத்தது. நான் ரஜாயை இழுக்கப் போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்கள். "ரஜாய் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். விளக்கைத் தணிச்சுட்டு நீ இந்தப் பக்கம் வா" என்றார்கள்.

முதற்குட்டி பத்தே முக்கால் மணிக்கு வந்தது. மெல்லிய சவ்வுப் பையோடு வந்ததை, தாய் நாவால் கிழித்து, நக்கி நக்கிக் குட்டியை மூச்சுவிடச் செய்தது. சற்று நேரத்தில் கருஞ்சிவப்பாக ஏதோ ஒன்று வந்து விழுந்தது. தாய் அதையும் தின்று, தொப்புள்கொடியையும் கடித்துத் துண்டித்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அம்மாவோ விரலை மடக்கி, "ஒண்ணு" என்றார்கள். குட்டியை எண்ணுகிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். பதினொன்றேகாலுக்கு இரண்டாம் குட்டி. உடனே அம்மா எண்ணவில்லை, காத்திருந்தார்கள். கருஞ்சிவப்பாக அது வந்து விழுந்தபின்தான் "ரெண்டு" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது: அம்மா எண்ணியது குட்டிகளையல்ல, கொடிகளை.

ஒரு குட்டிக்கு ஒரு கொடி. அதுதான் இயற்கையின் கணக்கு. சில வேளைகளில் இரண்டு குட்டிகள் அடுத்தடுத்து வந்தபின் இரண்டு கொடிகளும் சேர்ந்து வருவதுண்டு. முன்பின்னாக வரலாம், ஆனால் கணக்கு நேராக வேண்டும். நேராகும் வரை ஈற்று முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு மணியை ஒட்டி மூன்றாம் குட்டி வந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. தில்லியின் கோடைக்காலத்துக்கு அது புதிதன்று. தீப்பெட்டியைத் தேடி, மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் ஏழெட்டு நிமிடம் கழிந்துவிட்டது. குட்டி வந்திருந்தது, தாய் அதை நக்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் கொடி விழுந்ததா, விழுந்து தாய் அதைத் தின்றுவிட்டதா, அல்லது உள்ளேயே நின்றுவிட்டதா? யாருக்கும் தெரியாது.

ஒரு மணியாயிற்று; இரண்டு மணியாயிற்று. பூனை ஒருக்களித்துப் படுத்தது. மூன்று குட்டிகளும் முலையைப் பற்றிக்கொண்டன. கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக்கூடக் கொஞ்சம் குடித்தது. "முடிந்துவிட்டது அம்மா, படுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அம்மா அசையவில்லை. "மூணு குட்டி, ரெண்டு கொடி. எப்படிடா முடிஞ்சுதுன்னு சொல்றே?" என்றார்கள். அத்தோடு, இதற்குமுன் என்னிடம் சொல்லாத ஒன்றையும் அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னார்கள்.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தார்கள் என்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன். இளவயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார்கள் என்ற அளவுக்குத்தான். அது 1940ஆம் ஆண்டு. அம்மாவுக்குப் பதினான்கு வயது. பெரியம்மாவுக்கு வீட்டிலேயே பிரசவம். குழந்தை அழுததும் வீடு முழுவதும் மகிழ்ச்சி. ஆண் குழந்தை என்று சொல்லிச் சர்க்கரை வழங்கினார்கள். மருத்துவம் பார்த்த கிழவி, "எல்லாம் முடிந்தது" என்று சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கொடி முழுதும் வரவில்லை. ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பெனிசிலின் புழக்கத்துக்கு வராத காலம். ஏழாம் நாள் பெரியம்மா இல்லை. குழந்தையும் நீண்டநாள் நிற்கவில்லை.

"கொட்டில்ல பசு கன்னு போட்டா, கொடி விழற வரைக்கும் உங்க தாத்தா தூங்க மாட்டாங்க. விழுந்த கொடியை வைக்கோல்ல சுத்தி, பால் மரம்னு ஆலமரத்துல கொண்டுபோய்க் கட்டிட்டு வந்துதான் சாப்பிடுவாங்க. பசுவுக்குப் பார்த்த பார்வையைப் பெத்த பொண்ணுக்கு யாரும் பார்க்கலை. புள்ளையைப் பார்த்தாங்க, பெத்தவளைப் பார்க்கலை" என்றார்கள் அம்மா.

அதன் பிறகு நான் படுக்கவில்லை. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். நான் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நினைவு முழுதும் மன்னார்குடியில் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடியிருப்பின் பின்வரிசையில் பஞ்சாபியரான கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். விடிந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு தெருப் பூனைக்காகவா என்று அவர் சிரிக்கவில்லை. தேநீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார். பூனை சில குட்டிகளை ஈன்றபின் ஈற்றை நிறுத்தி இளைப்பாறுவதுண்டு. சில மணி நேரம், சிலவேளை ஒரு நாள் அளவுக்குக்கூட அது அமைதியாக இருந்து, குட்டிகளுக்குப் பால் கொடுத்து, உண்டு பருகிவிட்டுப் பிறகு எஞ்சிய குட்டிகளை ஈனும். அமைதியாக இருக்கும்வரை அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றை அழுத்திப் பார்க்கவும் கூடாது. ஆனால் கடுமையாக முக்கத் தொடங்கி, இருபது முப்பது நிமிடமாகியும் குட்டி வராவிட்டால் உடனே கொண்டுவர வேண்டும். சிவந்த குருதி நில்லாமல் வழிந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், காய்ச்சல் கண்டு குட்டிகளைப் புறக்கணித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சில நாட்களுக்கு, இரண்டு மூன்று வாரம் வரையிலும் கூட, சற்றே செம்பழுப்பான கசிவு இருப்பது இயல்புதான்.

இவற்றையெல்லாம் வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதைத்தானே நானும் சொன்னேன்" என்பதுபோல் பார்த்தார்கள். ஆனால் இருபது முப்பது நிமிடம் என்ற கணக்கு அவர்களுக்குப் புதிது. "கடியாரத்தை எடுத்து இங்கே வை" என்றார்கள்.

பத்து மணிக்குப் பூனை மீண்டும் எழுந்தது. குட்டிகளை உதறிவிட்டுச் சுற்றியது. படுத்து முக்கத் தொடங்கியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். நான் காய்கறிக் கூடையில் துணியை விரித்து, மருத்துவரிடம் கொண்டுபோக ஆயத்தமானேன். பதினெட்டாம் நிமிடத்தில் இரண்டு சின்னஞ்சிறு பின்கால்கள் தெரிந்தன. பின்கால் முன்னாக வருவது பூனைகளில் வழக்கந்தான் என்று பிற்காலத்தில் அறிந்தேன். அப்போது என் நெஞ்சு நின்றுவிட்டது. நான்காம் குட்டி வந்து விழுந்தது. தாய் களைத்துப்போய்த் தலையைக்கூடத் திருப்பவில்லை. குட்டி சவ்வுக்குள்ளேயே கிடந்தது. அம்மா ஒரு பழந்துணியால் மூக்கருகே சவ்வைக் கிழித்து, முகத்தைத் துடைத்து, முதுகை வருடி வருடித் தேய்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இறுதியில் ஊசிமுனை போன்ற ஒரு குரல் எழுந்தது. தாய் திரும்பிப் பார்த்தது.

பிறகு ஒரு கொடி விழுந்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்றும் விழுந்தது. அம்மா விரல்களை மடக்கி, "மூணு, நாலு" என்றார்கள். இரவெல்லாம் உள்ளே நின்றிருந்தது அந்த மூன்றாவது கொடிதான். அம்மா சொன்னது சரியாகப் போயிற்று.

முடிந்தபின் ஒரு பூனை எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் கண்டேன். முந்தைய இரவின் அமைதி வேறு. இந்த அமைதி வேறு. இரவு அது படுத்திருந்தாலும் காது நிமிர்ந்தே இருந்தது. விலாவில் அவ்வப்போது ஓர் இழுப்பு ஓடியது. இப்போதோ வயிறு தளர்ந்து, பை போலத் தொங்கிற்று. தன் உடம்பை முழுவதும் நக்கித் தூய்மை செய்துகொண்டது. நெடுநேரம் தண்ணீர் குடித்தது. வைத்த சோற்றைத் தின்றது. ரஜாயை விட்டு இறங்கிப் பின்கட்டுக்குப் போய், வேலையை முடித்துக்கொண்டு, விரைந்து திரும்பி வந்தது. நான்கு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்து, கால்களை நீட்டிப் படுத்து, கண்களை மூடி, தொண்டைக்குள் மெல்ல உறுமத் தொடங்கியது. அம்மா எழுந்து, "இப்ப முடிஞ்சுது. நான் போய்க் குளிக்கிறேன்" என்றார்கள்.

அன்று மாலை மாடி வீட்டு வங்காள அம்மையார் செய்தி கேட்டு வந்தார். குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் ஊர்தி என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் பூனைக்குக் கைகூப்பினார். வைணவ உரைகளில் தென்கலையார் கூறும் மார்ச்சார நியாயத்தை நான் நினைத்துக்கொண்டேன். தாயைப் பற்றிக்கொள்ளக் குரங்குக்குட்டி முயல வேண்டும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விச் செல்லும். தொல்காப்பியத்தின் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பது கூறப்படுகின்றன. வெருகு என்னும் காட்டுப்பூனையின் இளமைக்குக் குட்டி என்ற பெயரையும், பறழ் என்ற பெயரையும் அந்நூல் உரியதாக்குகிறது. பிறந்ததற்கு இத்தனை பெயர்கள் வைத்திருக்கிறோம். பெற்றவள் முற்றிலும் மீண்டுவிட்டாள் என்ற அந்த நிலைக்கு நம் வழக்கில் தனிப்பெயர் ஒன்று எனக்குத் தென்படவில்லை.

ஐந்தாம் நாள் பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, மாடிப்படிக்கடியில் கொண்டுபோய் வைத்தது. பிறகு வேறோரிடம். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள் நம் ஊரில். அம்மாவுக்கு வருத்தம். எனக்கு அது வியப்பாக இல்லை. லோதி காலனியில் உள்வாடகை, சரோஜினி நகரில் நண்பரோடு ஓர் அறை, பிறகு இந்தக் குடியிருப்பு என்று மாறி வந்தவன் நான். மே மாதத்திற்குள் என் குட்டியும் இங்கே வந்துசேர வேண்டும்.

மே மாதம் பதினெட்டாம் நாள் தந்தி வந்தது: பெண் குழந்தை, இருவரும் நலம். மகிழ்ச்சியோடு படித்துக் காட்டினேன். அம்மா, "கொடி முழுசா வந்துதான்னு கேளு" என்றார்கள். "நலம் என்றுதானே அம்மா போட்டிருக்கிறது" என்றேன். "அன்னைக்கும் நலம்னுதான் சொன்னாங்க" என்றார்கள்.

வங்காள அம்மையார் வீட்டுத் தொலைபேசியில் மன்னார்குடிக்கு டிரங்க் கால் பதிவு செய்தோம். மூன்று மணி நேரம் காத்திருந்தோம். மூன்று நிமிடம்தான் பேசலாம். மாமனார் வந்தார். குழந்தையின் நிறம், எடை, யாரைப்போல் இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அம்மா பக்கத்தில் நின்று என் தோளைத் தொட்டார்கள். நான் வெட்கத்தை விட்டு, தொலைவுக்குக் கேட்க வேண்டுமே என்று, தெருவே கேட்கும்படி கத்தினேன்: "மாமா, கொடி முழுதும் விழுந்ததா? மருத்துவர் பார்த்தாரா?"

மாமனார் ஒரு கணம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில், "பார்த்தாங்க மாப்பிள்ளை. முழுசா வந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலேயே சரிபார்த்துச் சொன்னாங்க. இதைக் கேட்டவர் நீங்க ஒருத்தர்தான்" என்றார். நான் திரும்பி அம்மாவிடம் தலையசைத்தேன். அம்மா அங்கேயே, அந்த வேற்றார் வீட்டுக் கூடத்தில், தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகளாக அடக்கிவைத்திருந்த அழுகை என்று எனக்குத் தோன்றியது. வங்காள அம்மையாருக்கு மொழி தெரியாது. அவர் அம்மாவின் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார்.

அம்மா இன்றில்லை. அன்று பிறந்த பெண்ணின் மகள்தான் 2023இல் என்னைத் தொலைபேசியில் அழைத்தவள். அவர்களுடைய பூனைக்கு முன்கூட்டியே எக்ஸ்ரே எடுத்து, நான்கு குட்டிகள் என்று மருத்துவர் எண்ணிச் சொல்லியிருந்தார். அந்த வசதி நல்லது. வாய்த்தவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயினும் எக்ஸ்ரே குட்டிகளின் எலும்பைத்தான் எண்ணும், கொடியை எண்ணாது. அதற்கு விழித்திருக்கும் ஒருவர் வேண்டும்.

நான் பேத்திக்குக் கொடி என்றால் என்னவென்று சொன்னேன். மருத்துவரின் எண்ணைக் கையருகே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தொடாமல், வெளிச்சத்தைத் தணித்து, எண்ணிக்கொண்டிரு என்றேன். பின்னிரவு ஒன்றரை மணிக்கு மீண்டும் அழைப்பு வந்தது. "நாலு குட்டி, நாலு கொடி, தாத்தா. தண்ணி குடிச்சுட்டுத் தூங்குது" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளைப்போல், "நீங்க இன்னும் தூங்கலையா?" என்று கேட்டாள்.

"இனிமேல் தூங்குவேன்" என்றேன்.